தெரியாத இரும்புத் துண்டும் தெரிந்த கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதனிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் பதில் வருகிறது. ஆனால் மண்ணிலிருந்து கிடைக்கும் பழைய உலோகப் பொருள் எது என்று கேட்டால் வரும் பதிலை நம்பலாமா? நம்பக்கூடாது என்பது என் கருத்து. அதே சமயம், இந்த விஷயத்தில் உங்கள் கம்ப்யூட்டரால் மிகப் பெரிய உதவி ஒன்று செய்ய முடியும். அதைத்தான் நாம் யாரும் செய்யாமல் இருக்கிறோம்.

நான் திருவண்ணாமலைக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் அஸ்திவாரம் தோண்டினாலும், ஏர் ஓட்டினாலும் ஏதாவது ஒன்று மேலே வரும். போதாக்குறைக்கு இப்போது மெட்டல் டிடெக்டர் கருவிகள் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. "ஒன்று வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்களும் அதிகமாகிவிட்டார்கள்.

கருவி என்ன சொல்கிறது?

முதலில் இந்தக் கருவி வேலை செய்திடும் விதத்தைப் பார்க்கலாம். அதன் வட்டமான அடிப்பகுதியில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சிறிய சுழல் மின்னோட்டம் ஏற்பட்டு, அது திருப்பி ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அதை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது. 1881ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் இருந்த குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில்தான் ஒரு கருவி செய்தார். குண்டு கிடைக்கவில்லை. கட்டிலில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள்.

இன்றைய கருவிகளும் குழம்பத்தான் செய்கின்றன. திரையில் வரும் எண், அந்த உலோகத்தின் மின்கடத்தும் தன்மையையும் அளவையும் பொறுத்தது. அது பொருளின் வயது அல்ல, விலையும் அல்ல. மெல்லிய தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே கருவி சொல்வது "இங்கே உலோகம் இருக்கிறது" என்பதை மட்டும்தான்.

இதற்காகக் குழி தோண்டுவதால் ஏற்படும் நஷ்டம் பெரியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இந்தக் காலக் கணிப்பு அங்கு கிடைத்த கரியையும் மண்பாண்டத்தையும் சோதித்து வந்தது. இரும்பை மட்டும் பிடுங்கி எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், அது வெறும் துருப்பிடித்த துண்டு. எனவே, கருவி வாங்கித் தோண்டப் போகிறேன் என்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய்விடும். சிறைத் தண்டனையும் உண்டு. முறையாகத் தெரிவித்து, உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று அதே சட்டம் கூறுகிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது 505 பொற்காசுகள் கிடைத்தன. 2025 நவம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியின்போது நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் வெளிவந்தன. இரண்டு இடத்திலும் தகவல் சொல்லப்பட்டதால்தான் அவை என்ன, எப்போதையவை என்று ஆராய வழி பிறந்தது.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் புரோகிராம்கள்

சரி, தோண்டவில்லை, தானாகவே கிடைத்துவிட்டது. போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் தேடினால் தெரிந்துவிடாதா?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வீடு கட்டத் தோண்டியபோது ஒரு சாண் நீளத்தில், ஒரு முனை தடித்த இரும்புத் துண்டு கிடைத்தது. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். இதை நெட்டுல போட்டுப் பாரு" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்தார். படத்தை வைத்துத் தேடும் புரோகிராமில் மூன்று கோணங்களில் போட்டோ கொடுத்தேன். மூன்று பதில் வந்தது. ஐரோப்பியக் கோட்டைக் கதவின் தாழ்ப்பாள், வாளின் கைப்பிடிப் பகுதி, கப்பல் ஆணி! திருவண்ணாமலையில் கப்பல் ஆணி எப்படி வரும்? முன்பு கொல்லுப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் காட்டினோம். கையில் வாங்கிய உடனேயே "கடையாணிப்பா" என்றார். மாட்டு வண்டி அச்சின் முனையில், சக்கரம் கழன்று விழாமல் செருகி வைக்கும் ஆணி.

புரோகிராம் ஏன் தவறியது? அது சிந்தித்துப் பதில் சொல்வதில்லை. ஏற்கனவே யாராவது போட்டோ எடுத்து, பெயர் எழுதி வைத்த படங்களுடன் ஒப்பிட்டே சொல்கிறது. ஐரோப்பியத் தாழ்ப்பாளுக்குப் படங்கள் நிறைய இருக்கின்றன. நம் கடையாணிக்கு, பெயருடன் கூடிய படங்கள் எத்தனை இருக்கும்? இல்லாததை எந்தக் கம்ப்யூட்டரும் தேடித் தர முடியாது. "இன்னும் இரண்டு வருடத்தில் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சொல்லிவிடும்" என்று என்னுடன் வேலை பார்க்கும் நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதற்கும் யாராவது படமும் பெயரும் கொடுத்தால்தான் உண்டு.

இங்கிலாந்தில் இதை உணர்ந்து 1997ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களை நிபுணர்கள் பார்த்து, போட்டோ, எடை, அளவு, கிடைத்த இடம் ஆகியவற்றுடன் டேட்டாபேஸில் ஏற்றுகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் சேர்ந்துவிட்டன. வீட்டில் இருந்தபடியே யாரும் பார்க்கலாம். தமிழில், தமிழ்நாட்டுப் பொருட்களுக்கு, பொதுமக்கள் தகவல் தரும்படியான இப்படி ஒரு டேட்டாபேஸ் வேண்டும்.

பெயர் தெரியாததால் வரும் ஆபத்து

இது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். பழைய செம்புப் பாத்திரத்தையோ கோபுரக் கலசத்தையோ காட்டி "இரிடியம், கோடிக்கணக்கில் விலை போகும், அரிசியை இழுக்கும்" என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பல வருடங்களாக நம் மாநிலத்தில் பிடிபட்டு வருகின்றன. அரிசியில் இரும்புத் தூளைச் சேர்த்துவிட்டு, பாத்திரத்தில் காந்தத்தை ஒளித்து வைத்தால் அரிசி நகரும். இவ்வளவுதான் வித்தை. இந்தப் பேராசைக்காகக் கோயில் கலசங்கள் திருடு போனதும் உண்டு.

இதைச் சோதிக்க விஞ்ஞானி தேவையில்லை. சமையலறைத் தராசும் எக்ஸெலும் போதும். பொருளின் எடையைக் கிராமில் ஒரு கட்டத்திலும், அது முழுவதும் மூழ்கும்போது வெளியேறும் தண்ணீரை மில்லி லிட்டரில் அடுத்த கட்டத்திலும் டைப் செய்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். கிடைப்பது அடர்த்தி. இரும்பு என்றால் 7.9, செம்பு 9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3, இரிடியம் 22.6 என்ற அளவில் வரும். 100 மில்லி தண்ணீரை வெளியேற்றும் பொருள் 900 கிராம் இருந்தால் அது செம்பு. இரிடியமாக இருந்தால் இரண்டேகால் கிலோ இருக்க வேண்டும். "கதிர்வீச்சு வரும், தொடக்கூடாது" என்று விற்க வந்தவர் மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். ஆனால் மண்ணிலிருந்து கிடைத்த உண்மையான பழம்பொருளை இப்படித் தண்ணீரில் முக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். மேலே படிந்துள்ள பாசியும் துருவும்கூட ஆய்வாளருக்குத் தகவல்தான்.

விலை இல்லாத உலோகம் என்று ஒதுக்கவும் கூடாது. எங்கள் மாவட்டத்தில் செங்கம் வட்டம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த பழங்காசுகள் தங்கமோ வெள்ளியோ அல்ல, ஈயம். அவற்றில் பழைய தமிழ் எழுத்தில் "சேந்தன்" என்ற பெயர் இருப்பதைத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி ஆராய்ந்து எழுதினார். யாராவது உருக்கி இருந்தால் அந்தப் பெயரும் சேர்ந்து உருகிப் போயிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாத பொருளைத் தேடி அலைவதை விட, தெரிந்த பொருளைப் பதிவு செய்வதே இப்போது அவசரம். பரணில் என்னென்ன இருக்கின்றன? பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, எழுத்தாணி, மரக்கால், உழக்கு, வெள்ளிக்கோல், ஏர்க் கொழு, மாட்டு லாடம். இவற்றின் பெயரும் பயனும் தாத்தா பாட்டிக்குத் தெரியும். உங்களுக்குப் பாதி தெரியும். உங்கள் பிள்ளைக்கு? பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் இப்படிச் செய்திடுங்கள்.

1. வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலுடன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். மொபைல் போன் கேமராவே போதும்.

2. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் பெயர், வட்டாரப் பெயர், எதற்குப் பயன்பட்டது, எடை, நீளம், ஊர், சொன்னவர் வயது என்று தனித் தனிக் கட்டங்கள் அமையுங்கள். தமிழிலேயே, யூனிகோடில் டைப் செய்யுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் தேட முடியும்.

3. போட்டோ பைலுக்குக் கேமரா தரும் எண்ணை விட்டுவிடாமல், "கடையாணி-1" என்பது போலப் பெயர் கொடுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

4. மண்ணிலிருந்து கிடைத்த பொருள் என்றால், கிடைத்த இடம், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி, ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். அந்தப் போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். மொபைலில் எடுத்த போட்டோவுக்குள் இடம் பற்றிய தகவல் பதிந்திருக்கலாம். புதையல் தேடுபவர்களுக்கு அது வழிகாட்டி ஆகிவிடும். விண்டோஸில் பைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்று, கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் என்று தொடங்கும் வரியைக் கிளிக் செய்தால், இந்தத் தகவல் நீக்கப்பட்ட காப்பி கிடைக்கும். இடம் உள்ள மூலப் பைலை நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள்.

"வீட்டுப் பாக்குவெட்டிக்கு இவ்வளவு வேலையா?" என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ரோமானியர் காலத்துச் செம்புக் கலவைப் பொருள் ஒன்று நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம், பன்னிரண்டு ஐங்கோணப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை, இருபது மூலையிலும் குமிழ். எதற்காகச் செய்தார்கள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அது நம் பாக்குவெட்டி போல சாதாரணமாக இருந்திருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ரோமானியரிடம் கம்ப்யூட்டர் இல்லை. நம்மிடம் இருக்கிறது. பெயர் சொல்லும் பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கும் காலம் அதிகம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கேம் விளையாடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பரணில் ஏறுங்கள்.