கட்டியது திருப்பதியில், வெட்டியது மிசௌரியில்!

திருப்பதியிலே தாலி கட்டினான். அமெரிக்காவிலே அறுத்துவிட்டேன் என்றான்! கட்டுக்கதையல்ல தோழர்களே, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்ற வழக்கு.

1975இல் மணம். மூன்றே ஆண்டில் பிரிவு. கணவன் மிசௌரி மாநில நீதிமன்றத்தின் படியேறினான். 90 நாள் அங்கே குடியிருந்தால் போதுமாம், வழக்காடலாமாம்! இனி ஒட்டாது இந்த இல்லறம் என்றான். 'என்னை விசாரிக்க உமக்கு அதிகாரமில்லை' என்று இங்கிருந்தே எழுதினாள் மனைவி. கேட்டார்களா? 1980இல் விவாகரத்துத் தீர்ப்பு! மறு ஆண்டே அவன் மறுமணம் செய்துகொண்டான் என்று வழக்குத் தொடுத்தாள் அவள்.

1991இல் நீதிபதி சாவந்த் தீர்ப்புரைத்தார்: எந்தச் சட்டப்படி மணந்தார்களோ, அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம், அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காகத்தான் பிரிக்கலாம். 'ஒட்டாத இல்லறம்' இந்து திருமணச் சட்டத்தில் காரணமல்ல; மிசௌரித் தீர்ப்பு இங்கே செல்லாது. (அவன் நீட்டியதும் வெறும் போட்டோ நகல்தான்!)

நல்ல தீர்ப்பு. ஆனால் முழு நீதியா? இங்கே அவன் கணவன். அங்கே கட்டற்ற காளை! அவளுக்கோ இரண்டுங்கெட்ட நிலை.

அதே தீர்ப்பில் விலக்கும் உண்டு. மனைவி மனமொப்பிச் சம்மதித்தால், அந்நிய நாட்டு விவாகரத்து இங்கும் செல்லும். ஆகவே, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட உன் தங்கைக்குச் சம்மன் வந்தால், 'சும்மா ஒரு கையெழுத்துத்தானே' என்று எவன் சொன்னாலும், வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடவிடாதே!