வளர்ந்தவருக்கு எதற்குப் பலூன்?

‘ஆ’வைச் சரியாகத் தொட்டுவிட்டால் திரையில் பலூன் பறக்கிறது, கைதட்டல் கேட்கிறது. தொட்டவருக்கு வயது முப்பதுக்கு மேல். எங்கள் தொழிற்பயிற்சி மையத்தில் காகிதப் பை ஒட்டுகிறார்; மாதக் கூலியில் பாதியை அம்மாவிடம் கொடுக்கிறார். பலூன் பறந்ததும் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் செய்ததுதான் நியாயம்.

கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ள பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியை நான். எங்களிடம் வரும் தமிழ்ச் செயலிகளில் பெரும்பாலானவை எல்கேஜி பாடங்கள்தான். உறையை மட்டும் மாற்றியிருப்பார்கள். வாசிப்பு மெதுவாக வருகிறவருக்கு மனசும் வளராது என்று யாரோ முடிவுகட்டிவிட்டார்கள் போல. தவறாகத் தொட்டால் அறை முழுக்கக் கேட்கும்படி ‘பே’ என்று ஒரு சத்தம் வேறு. பள்ளியில் பட்டது போதாதா?

பெரியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததில்லை. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்களை யாரும் ரைம்ஸ் பாடச் சொல்லவில்லை.

என் மாணவர்கள் கேட்பதெல்லாம் அன்றாடத் தேவைகள். பேருந்தின் ஓடும் எழுத்துப் பலகை, மாத்திரை அட்டையில் உள்ள காலாவதி தேதி, ரேஷன் வாங்கியதும் போனுக்கு வரும் குறுஞ்செய்தி. அந்தக் குறுஞ்செய்தியே அருமையான பாடம்: அரிசி, சர்க்கரை, பருப்பு, எல்லாம் தெரிந்த சொற்கள். பையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எழுத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலச் செயலியைத் தமிழாக்கினால் ஆங்கிலத்தின் சிக்கலுக்குத்தான் மருந்து கிடைக்கும். தமிழில் ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் ஒலிப்பது ககரம்; முன்னால் நிற்பதோ கொம்பு. ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் குறிகள். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்துப் பார்க்கவே சிலருக்கு நேரமாகிறது. கொம்பையும் காலையும் வேறு நிறத்தில் காட்டி, தொட்டால் முழுச்சொல்லையும் வாசித்துக் காட்டலாம். எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் படிப்பவரே மாற்றிக்கொள்ளும்படி விடலாம். இதற்கெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

பாடத்துக்குள் நுழைவதற்கே ஒரு பரீட்சை இருக்கிறது: ஓடிபி. எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆறு இலக்கத்தில் மூன்று மறந்துபோகும், நேரமும் முடிந்துவிடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023இல் வெளியிட்ட இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு இதைப் பேசுகிறது. உள்நுழைய ஞாபகசக்தியை மட்டுமே நம்பவைக்கக் கூடாது, ஒருமுறை கொடுத்த விவரத்தை அதே வேலைக்குள் மறுபடி நிரப்பச் சொல்லக் கூடாது என்கிறது.

நான் அதிகம் ஏங்குவது ஓர் ஒத்திகைத் திரைக்கு. டீக்கடையில் கியூஆரை ஸ்கேன் செய்து பன்னிரண்டு ரூபாய் அனுப்பும் வேலையை நிஜப் பணம் போகாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் பழக வேண்டும். பன்னிரண்டுக்குப் பதில் நூற்றிருபது என்று அடித்தால் திரும்பி வந்து திருத்தலாம். பின்னால் நிற்கிறவர் முணுமுணுக்க மாட்டார். பணம் போய்விடும் என்று பயந்துதான் பல வீடுகளில் இவர்கள் கையில் போனே கொடுப்பதில்லை. செயலி செய்பவர்களிடம் இப்படியொரு திரையைக் கேட்டால், மாணவர் முன்னேற்றத்தை வண்ணப் பட்டைகளில் காட்டும் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள். அது நன்கொடையாளருக்கு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. வயதுவந்தோர் கல்வியில் மற்றவர்களுக்குச் சமமாக இவர்களும் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 18ஆம் பிரிவு. அப்படியானால் அரசுப் பணத்தில் மென்பொருள் வாங்கும் டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: வாங்குவதற்கு முன் இந்தப் பெரியவர்களே அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், அந்த நாட்களுக்கு அவர்களுக்கு முழுக்கூலி கொடுக்க வேண்டும், அவர்கள் கவிழ்த்து வைத்த பக்கங்களைத் திருத்திய பிறகுதான் பில் பாஸாக வேண்டும்.