பார்த்தாச்சுல்ல, அப்புறம் எதுக்குங்க ஃபோட்டோ?

2021-ல அண்ணன் வீட்டுக்கடனை ரீஃபைனான்ஸ் பண்ணினப்ப நடந்தது இது. இடம், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட். இங்கே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை. மொபைல் நோட்டரின்னு ஒருத்தர் முத்திரையோட வீடு தேடி வருவார். அன்னிக்கு வந்தவங்க, அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா. கொரோனா காலம்கிறதால கராஜ்ல மேசை போட்டு, மாஸ்க்கோட கட்டுக்கட்டா கையெழுத்து.

அண்ணனோட டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாங்க. மாஸ்க்கைக் கழட்டச் சொல்லி முகத்தைப் பார்த்தாங்க. ஜர்னல்ல லைசென்ஸ் நம்பரை எழுதி, வலது கட்டைவிரல் ரேகையும் எடுத்தாங்க. எல்லாம் முறைப்படி. அப்புறம்தான் கைப்பையிலிருந்து ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வந்துச்சு. லைசென்ஸை முன்னும் பின்னும் 'க்ளிக்'. கடன் குடுக்கிற கம்பெனி நகல் கேக்குதாம், ஜெராக்ஸ் மெஷினையா தூக்கிட்டு வர முடியும்னு சிரிச்சாங்க. அனுப்பினதும் அழிச்சிடுவாங்களாம்.

நியாயமான பேச்சுதான். ஆனா பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா?

மெமரி கார்டுல 'டெலிட்' அமுக்கினா படம் போயிடாதுங்க. அந்த இடம் காலின்னு ஒரு குறிப்பு மட்டும் மாறும். மேல வேற படம் வந்து உட்கார்ற வரைக்கும் பழசு அங்கேயேதான் இருக்கும். அன்னிக்கு ராத்திரியே சோதிச்சுப் பார்த்தேன். நான் ஃபார்மட் பண்ணி வச்சிருந்த என் பழைய கார்டுல ஃபோட்டோரெக்-னு ஒரு இலவச மென்பொருளை ஓட விட்டேன். டூர் படங்களோட, எப்பவோ விசாவுக்காக எடுத்த என் பாஸ்போர்ட் பக்கமும் பளிச்சுனு வந்துச்சு. வயித்தைக் கலக்கிடுச்சு.

இத்தனைக்கும் அந்தம்மா எழுதின ஜர்னலுக்கு கலிஃபோர்னியாவில் என்ன கட்டுப்பாடு தெரியுமா? பூட்டி வைக்கணும். வேற யார் கையிலும் சிக்கக் கூடாது. திருடு போனா உடனே மாநிலச் செயலர் அலுவலகத்துக்குச் சொல்லணும். நோட்டரி வேலையை விட்டா 30 நாளைக்குள்ள கவுன்ட்டி கிளார்க்கிட்ட ஒப்படைக்கணும். டெக்சஸ்ல இன்னும் ஒரு படி மேலே, அடையாள அட்டை நம்பரை நோட்டரி தன் பதிவேட்டில் எழுதவே கூடாது. நம்பருக்கே இவ்வளவு. முகம், முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிற படமோ கைப்பைக்குள்ள லிப்ஸ்டிக் பக்கத்துல!

கேமராவுக்குப் பதில் செல்ஃபோன்ல எடுத்தா? அது இன்னும் மோசம். படம் தன்னால கிளவுடுக்கு ஏறிடும். நெட் இல்லாத அந்தப் பழைய கேமராவே தேவலை.

நான் அந்தம்மாவைக் குறை சொல்லலை. வந்திருக்கிறவர் அதே ஆள்தானான்னு பார்த்து உறுதி பண்றதுதான் நோட்டரியோட வேலை. நகல் தேவைப்படுறது கடன் குடுக்கிறவருக்கு. 'நகலை இணைக்கவும்'னு ஒரு வரி போட்டுட்டு, எப்படி எடுக்கிறது, எப்ப அழிக்கிறதுன்னு எதுவும் சொல்லாம, சுமையை அவங்க தலையில கட்டிட்டாங்க. ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் நோட்டரி கட்டணம் வாங்கலாம்னு சட்டம் வச்சிருக்கிற மாநிலம் இது. அதுல இந்தப் பாரமும் எதுக்கு?

வழி ரொம்ப சுலபம். அட்டைக்குச் சொந்தக்காரரே தன் ஃபோன்ல படம் எடுத்து, டைட்டில் கம்பெனியோட பாதுகாப்பான பக்கத்தில் நேரா ஏத்திடட்டும். இல்லையா, முந்தின நாளே நகல் எடுத்து வச்சு கட்டோட குடுத்துடட்டும். நோட்டரி அசலைப் பார்த்தா போதும். பார்க்கிறது வேற, எடுத்துட்டுப் போறது வேற.

ஊர்ல ஜெராக்ஸ் கடையில நகல் கோணலா விழுந்தா, எங்கப்பா அதையும் கேட்டு வாங்கிக் கிழிச்சுப் போடுவார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், எனக்கு மானம் போகும். அன்னிக்கு கராஜ்ல, "அந்தக் கார்டைக் குடுங்க, முழுசா அழிச்சுத் தர்றேன்"னு கேட்க எனக்கு வாய் வரலை. அப்பா இருந்திருந்தா கேட்டிருப்பார்.