‘இன்று’ என்றால் எந்த இன்று?

‘இன்று தண்ணீர் திறந்தாச்சு.’ இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். எங்கே திறந்தார்கள்? மேட்டூரிலா, கல்லணையிலா? மேட்டூரில் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைக்கு வந்து சேர மேலும் பல நாட்கள் ஆகும். இதை நம்பி விதையை ஊறவைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

தப்பு தமிழில் இல்லை. ‘திறந்தாச்சு’ என்ற சொல்லிலேயே காலம் இருக்கிறது. இடத்தைக் காட்டவும் இ, உ, அ என்று மூன்று சுட்டெழுத்துகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. இது பக்கத்தில், உது நடுவில், அது தூரத்தில். ‘உது’ யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் புழங்குகிறது; நம் பக்கம் வழக்கொழிந்துவிட்டது.

லோஜ்பான் என்றொரு செயற்கை மொழி இருக்கிறது. குழப்பமில்லாத இலக்கணம் வேண்டும் என்று 1987 முதல் உருவாக்கப்பட்டது. அதில் ‘பு’ என்றால் இறந்த காலம். ‘வி’ பக்கம், ‘வ’ நடுத்தரம், ‘வு’ தூரம். பக்கத்துக்கு அங்கேயும் இகரம்தான்! காலம், இடம் இரண்டையும் வேண்டுமானால் சொல்லலாம், வேண்டாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் ‘கி’ என்றொரு சொல் உண்டு. ஒரு காலத்தையோ இடத்தையோ சொல்லி அதனுடன் ‘கி’ சேர்த்தால், அடுத்து வரும் வாக்கியங்களுக்கும் அதுவே அடிப்படை.

நம் செய்திகளுக்குத் தேவை இந்த ‘கி’தான். ‘இன்று’, ‘இங்கே’ என்ற சொற்களுக்கு எழுதியவர் இருக்கும் நாளும் இடமும்தான் பொருள். ஃபார்வர்டு செய்ததும் அந்த இரண்டும் கழன்றுவிடுகின்றன. செய்தியின் ஓரத்தில் தெரியும் நேரம், உங்களுக்கு அனுப்பப்பட்ட நேரம். முதலில் எழுதப்பட்ட நேரம் அல்ல. பத்து நாள் பழைய ‘இன்று’ புதிய ‘இன்று’ போலவே வந்து நிற்கும்.

ஃபார்வர்டு ஆகும் செய்தியில் முதல் தேதியையும் காட்டும் வசதியை சாஃப்ட்வேர் செய்பவர்கள் தரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர், புயல், பஸ் என்று எதைப் பற்றி எழுதினாலும் முதல் வரியில் தேதியையும் ஊரையும் டைப் செய்யுங்கள். அவை இல்லாத செய்தி வந்தால், அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் ‘எங்கே, என்றைக்கு?’ என்று கேளுங்கள்.