என்ஜின் சூட்டையும் கொஞ்சம் பாருங்கள்



கற்பிட்டிப் பக்கம் எந்த வாடிக்குப் போனாலும் ஃபைபர் போட்டும் அவுட்போர்ட் என்ஜினும்தான். ஜீபிஎஸ் வாங்குகிறோம், நல்ல போன் வாங்குகிறோம். என்ஜின் சூட்டைப் பார்க்க மட்டும் ஒன்றுமில்லை. பின்னால் பீச்சுகிற தண்ணீர்தான் நமது மீட்டர்.

அது போதாது என்பது எங்கள் கருத்து. தண்ணீர் வருகிறதா என்று அது காட்டும். உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டாது. இந்த என்ஜின்களுக்கு ரேடியேட்டர் இல்லை. ஓடுகிற தண்ணீரையே இழுத்துத்தான் குளிர்கின்றன. புத்தளம் களப்போ வெயில் காலத்தில் கடலைவிட உப்புக் கூடியது. அந்த உப்பு உள்வழிகளில் படியும். பாசியும் பொலித்தீன் பையும் வாயை அடைக்கும். மணல் பட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேயும். தெரியவரும்போது பிஸ்டன் இறுகியிருக்கும்.

எங்கள் வகுப்புப் பிள்ளையொருவன் ஒரு வாரம் வரவில்லை. விசாரித்தோம். கடலில் என்ஜின் இறுகி, வாப்பாவை வேறு போட்டுக்காரர்கள் இழுத்து வந்திருக்கிறார்கள். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். என்ஜின் கடன் இன்னும் முடியவில்லை. பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான்.

சிலிண்டர் ஹெட்டில் சென்சர் பூட்டி, சூடு ஏறினால் சத்தம் போடுகிற சின்ன மீட்டர்கள் இருக்கின்றன. புதிய என்ஜின்கள் பலவற்றில் அலாரம் கூடவே வருகிறது. பழைய என்ஜின்காரர்கள்தான் பூட்ட வேண்டும். வழமையான சூட்டைக் குறித்து வையுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்திப் பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள்.

தவக்குல் வைப்போம். அதற்கு முன் கட்ட வேண்டியதைக் கட்டிக்கொள்வோம்.