ஐந்து நட்சத்திரப் பித்தலாட்டம்

புதுவைக் கடற்கரையை ஒட்டிய விடுதிகள் இன்று நட்சத்திரங்களால் பிழைக்கின்றன. வெளியூர்க்காரர் கைபேசியில் மதிப்பெண் பார்த்த பிறகே பெட்டியைத் தூக்குகிறார். நல்லதுதான். எந்த மிராசு கூலி அளக்கும்போது ஏய்ப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லித்தானே நாமும் நடவுக்குப் போகிறோம்?

ஆனால் அந்தச் சொல் விலைக்கு வந்துவிட்டால்? பொய்ப் பாராட்டு எழுதக் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். "ஐந்து போடுங்கள், அடுத்த முறை தள்ளுபடி" என்று இளிக்கிறார்கள். காசுக்கு எழுதிய கருத்தை வெளியிடக் கூடாது என்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 விதியைக் கொண்டுவந்தது. பேஷ்! ஆனால் கட்டாயமில்லை, இஷ்டப்பட்டவர் பின்பற்றலாம் என்றது. திருடனின் இஷ்டத்துக்கு விட்ட பூட்டு!

காசைவிடக் கொடியது பயம். மேஸ்திரி எதிரே நின்றுகொண்டு "குறை உண்டா?" என்று கேட்டால் எந்த மில் தொழிலாளி வாய் திறப்பான்? 1936 ஜூலை 30-ல் இதே புதுவையில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தம் குறையைச் சொன்னார்கள். பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியால் பதில் சொன்னது, 12 பேர் மாண்டார்கள்.

வியாபாரிகளுக்கே இது தெரியும். ஈபே சந்தையில் குறை சொன்னவர்மீது விற்பவர் பழி தீர்த்ததால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2008-ல் விற்பவரின் அந்த ஆயுதம் பறிக்கப்பட்டது. 2014 முதல் ஏர்பிஎன்பி, இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது கெடு தீரும்வரை, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டுவதில்லை.

வாடகைக்கு அறை விடுபவருக்கு இத்தனை பாதுகாப்பு! சோற்றுப் பொட்டலம் சுமந்து வரும் வாலிபனுக்கு? சமையல் தாமதம், மழை, டிராபிக். நட்சத்திரம் குறைவதோ அவனுக்கு! யார் குறைத்தார், ஏன் என்று கேட்க நாதியில்லை. அவன் பிழைப்பு போகுமே என்று இரக்கமுள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுகிறார். கல்நெஞ்சர் ஒன்று போடுகிறார். இரண்டும் மெய்யான அபிப்பிராயமல்ல. சவுக்கின் நுனியில் கட்டிய மதிப்பெண்ணில் நேர்மையைத் தேடுகிறார்களாம், கனவான்கள்!

கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டம், தொழிலாளியின் வேலையை இயந்திரக் கணக்கு எப்படிப் பாதிக்கிறது என்று கம்பெனி அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காரணம் சொல்லி, 14 நாள் நோட்டீஸ் தராமல் நீக்கக் கூடாது என்கிறது. புதுவைக்கும் அது வேண்டும். அதோடு, கம்பெனிக்கு மதிப்பெண் போட அந்த வாலிபனுக்கும் ஒரு பொத்தான் வேண்டும். போட்டவன் யாரென்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது.