விடியும்வரை ஓடட்டும் ஒலிப்பதிவு!

வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். திரைக்குப் பின்னால் நின்றே கர்ணன் பாடத் தொடங்குவான். ராணியின் அழுகையும் பாட்டு, சண்டையும் பாட்டு. கூடவே முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம். (மிருதங்கத்துக்குப் பதனிட்ட தோல் ஆகாது என்பதைத் தோல் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!)

மேல்நாட்டார் இப்படிப் பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை ‘ஆப்பெரா’ என்பார்கள்.

ஐரோப்பாவின் வடக்கே உள்ளது ஸ்வீடன். அதன் மன்னர் மூன்றாம் குஸ்டாவ், ஆப்பெராவைத் தம் மக்களின் மொழியிலேயே பாட வைத்தார். 1773-ல் ஸ்டாக்ஹோம் நகரில் முதல் நாடகம் அரங்கேறியது. 1786-ல் வந்த ‘குஸ்டாவ் வாசா’வுக்குக் கதை வகுத்தவரே மன்னர்தான். 1792-ல் அதே நாடக மாளிகையில், முகமூடி விருந்தில் அவரைச் சுட்டார்கள். மன்னர் மாண்டார், நாடகம் மாளவில்லை. இன்று அது இசைத்தட்டில், காட்சி காட்சியாகக் கேட்கக் கிடைக்கிறது.

அதே நூற்றாண்டில் தமிழிலும் ஒருவர் இருந்தார். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779). கம்பர் சொன்ன கதையை ‘இராம நாடகக் கீர்த்தனை’யாகப் பாடினார். ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார்.

இன்று அந்தப் பாடல்களைக் கச்சேரியிலும் இசைத்தட்டிலும் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி! சீதையைக் கண்டுவிட்டதாக அனுமன் பாடுவது இனிமைதான். அதற்கு முன் இராமன் தவித்த தவிப்பைக் கேட்டிருந்தால் அல்லவா, அந்தச் சேதியின் அருமை தெரியும்?

கூத்துக்கும் இப்போது இந்தக் கதிதான். ஆளுக்கொரு கைபேசி. ஆளுக்கு ஐந்து நிமிஷம். கர்ணன் விழுவதை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். பொன்னுருவி அவனை வழியனுப்ப மறுத்து வாதாடும் நேரத்தில் பாதிப் பேர் டீக்கடையில்!

முழுப் பாட்டும் எங்கே இருக்கிறது? வாத்தியாரின் நெஞ்சில், மிஞ்சினால் ஒரு பழைய நோட்டில். அவர் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

சீரியல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கொடுக்கும் விழாக் குழு, இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். நல்ல மைக் ஒன்று, தூங்காத ஆள் ஒருவர் போதும். முதல் பாட்டிலிருந்து மங்களம்வரை பதிய வேண்டும். ஊர், தேதி, நாடகம், வேஷக்காரர்களின் பெயர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். முதலில் வாத்தியாரிடம் சம்மதம் கேட்க வேண்டும். பதிந்ததில் ஒரு பிரதியும், சன்மானமும் அவர் கையில் கொடுத்த பிறகே மற்றவர்களுக்கு.